வீடியோவோடு ஓடும் கை வெற்றுத் திரையில் ஏன் நிற்கிறது? கேம் உருவாக்கம் கற்கும் மாணவருக்கு ஒரு பதில்

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஏழு மாதமாக, கேம் செய்யும் மென்பொருளான (இன்ஜின்) யூனிட்டியின் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து, கூடவே செய்து, மூன்று கேம் முடித்துவிட்டீர்கள். ஆனால் புதிதாக ஒரு புராஜெக்டைத் திறந்து சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் இன்ஜினை மாற்றலாமா என்றும், டிகிரி முடிந்ததும் சில லட்சம் கட்டி ஓராண்டு கேம் டிசைன் கோர்ஸில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏழு மாதத்தில் உருப்படியாக எதையாவது கற்றேனா, எனக்கு இது வருமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கற்றிருக்கிறீர்கள். ஆனால் இந்த வேலையில் இரண்டு பாதி உண்டு, வீடியோ ஒன்றைத்தான் தரும். டியூட்டோரியலில் ஓடும் வேகம் 8, எதிரி நிற்கும் இடம் இது, மூன்று அடி பட்டால் ஆட்டம் முடிந்தது என்று எல்லா முடிவையும் சொல்லித்தருபவர் எடுத்து வைத்திருப்பார். அந்த முடிவுகளை இன்ஜினுக்குள் ஏற்றும் வழியைக் கற்றிருக்கிறீர்கள். முடிவெடுப்பதற்கு இன்னும் பழகவில்லை. வெற்றுத் திரை கேட்பது அந்த இரண்டாவது பாதியை. அதற்குத்தான் கேம் டிசைன் என்று பெயர். யூனிட்டியை விட்டு வேறு இன்ஜினுக்குப் போனாலும் இந்தப் பாதி கூடவே வரும்.

முதல் பயிற்சியாக நான் எல்லா மாணவருக்கும் சொல்வது, இரண்டு மட்டைகள் ஒரு பந்தைத் திருப்பியடிக்கும் பாங் ஆட்டத்தை டியூட்டோரியல் இல்லாமல் செய்வது. இதில் வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. 1972இல் அட்டாரி என்ற கேம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்கு அதன் நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் பயிற்சி வேலையாகக் கொடுத்ததுதான் பாங். ஆல்கார்ன் அதோடு நிற்காமல் மட்டையை 8 துண்டாகப் பிரித்தார். நடுத் துண்டில் பட்டால் பந்து நேராகத் திரும்பும், ஓரத்துத் துண்டில் பட்டால் சாய்ந்து பாயும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும்படியும் செய்தார். மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகாதது சர்க்யூட்டில் இருந்த குறை. அதைச் சரிசெய்யாமலே விட்டார், ஏனென்றால் அந்த இடைவெளி இருந்ததால்தான் நன்றாக ஆடுபவர்கூடத் தோற்க முடிந்தது. இந்த மூன்றும் டிசைன் முடிவுகள். நீங்கள் முதலில் பந்து வெறுமனே பட்டுத் தெறிக்கும் பாங் ஒன்றைச் செய்து இரண்டு பேரை ஆடவிடுங்கள். பந்தை எங்கே அனுப்புவது என்பது ஆடுபவர் கையில் இல்லாததால் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும். பிறகு மட்டையில் பந்து பட்ட இடத்தைப் பொறுத்துக் கோணம் மாறும்படி எழுதி மறுபடி ஆடவிடுங்கள். அதே படங்கள், அதே சத்தம், ஏறக்குறைய பத்து வரி கோட் மட்டும் கூடுதல். அந்த இருவரின் முகத்தில் தெரியும் வித்தியாசத்தை எந்த வீடியோவும் உங்களுக்குக் காட்டியிருக்காது.

இதைச் செய்யும்போது எங்கெங்கே உடையும் என்றும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டியின் ஃபிசிக்ஸ் வழக்கமாக நொடிக்கு 50 முறைதான் கணக்கிடும். பந்து நொடிக்கு 30 அலகு வேகத்தில் போனால் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.6 அலகு தாண்டிவிடுகிறது. மட்டையின் தடிமன் 0.3 என்றால் பந்து சில நேரம் மட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். இது எப்போதாவது நடப்பதால் மாணவர்கள் இன்ஜினின் பக் என்று நினைத்து ஒரு வாரம் தேடுவார்கள். பந்தின் ரிஜிட்பாடியில் (அதன் ஃபிசிக்ஸைக் கவனிக்கும் பகுதி) மோதல் கண்டறியும் முறையைக் கன்டினியூவஸ் என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும். பந்து சுவரில் மிகச் சாய்வாகப் பட்டுத் துள்ளாமல் சுவரோடு ஒட்டி வழுக்கினால் அதற்கும் காரணம் உண்டு: மோதும் வேகம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் யூனிட்டி அதைத் துள்ளலாகக் கணக்கிடாது. அந்த எல்லை 2டி ஃபிசிக்ஸ் அமைப்புகளில் 1 என்று இருக்கும், குறைத்துக்கொள்ளலாம். பந்து மேலும் கீழுமாக மட்டும் துள்ளிக்கொண்டு மட்டைப் பக்கமே வராமல் போனால், மட்டையிலிருந்து கிளம்பும் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்குள் கட்டிவையுங்கள்.

அடுத்தது குதித்தல். நேரம் ஒதுக்கிக் கற்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் எண்ணும் உணர்வும் இதைப்போல நேரடியாக மோதிக்கொள்ளும் இடம் வேறில்லை. பொதுவாக மாணவர்கள் புவியீர்ப்பை 9.8 என்று அப்படியே விட்டுவிட்டு, குதிக்கும் விசையை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். ஆள் பலூன்போல் மிதப்பான். தலைகீழாகச் செய்யுங்கள். எவ்வளவு உயரம் போக வேண்டும், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்ற இரண்டை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள், மற்றதைக் கணக்கு சொல்லும். பள்ளி இயற்பியல்தான்: புவியீர்ப்பு என்பது உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, கிளம்பும் வேகம் என்பது உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தது. உயரம் 3 அலகு, நேரம் 0.4 நொடி என்று வைத்தால் புவியீர்ப்பு 37.5, வேகம் 15. பூமியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கேட்கத் தப்பாகத் தெரியும், ஆடிப் பார்த்தால் சரியாக இருக்கும். இறங்கும்போது புவியீர்ப்பை இன்னும் ஒன்றரை மடங்கு ஆக்கினால் கால் தரையில் ‘நச்’சென்று ஊன்றும். பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேலே போகும் வேகத்தைப் பாதியாக வெட்டுங்கள், சின்னக் குதி பெரிய குதி இரண்டும் ஒரே பட்டனில் வந்துவிடும்.

இதோடு இரண்டு சலுகைகளையும் சேருங்கள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் 0.1 நொடிவரை குதிக்க அனுமதிப்பது ஒன்று. தரையைத் தொடுவதற்கு 0.1 நொடி முன்பே பட்டனை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் குதிக்கவைப்பது இன்னொன்று. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 திரைப் படங்கள், ஓடும் கேமில் இது வெறும் 6 ஃப்ரேம். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்துவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. ஆடுபவர் தான் விளிம்பிலேயே அழுத்திவிட்டதாக மனதார நம்புவார். சலுகை இல்லாவிட்டால் ‘பட்டன் வேலை செய்யல’ என்பார், அவர் அனுபவத்தில் அது உண்மையும்கூட. ஆனால் சில நேரம் பட்டன் நிஜமாகவே வேலை செய்யாமல் இருக்கும்: அழுத்தியதைப் படிக்கும் வரியை, ஃபிசிக்ஸ் கணக்கோடு ஓடும் ஃபிக்ஸ்ட் அப்டேட்டில் எழுதியிருந்தால், இரண்டு ஃபிசிக்ஸ் கணக்குகளுக்கு நடுவே வந்து போன அழுத்தம் தவறிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓடும் அப்டேட்டில் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஃபிக்ஸ்ட் அப்டேட்டில் பயன்படுத்துங்கள்.

உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடிய கேம் கல்லூரி லேபில் ஆமையாக நகர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இத்தனை அலகு நகர்த்து என்று எழுதியிருப்பீர்கள். 60 ஃப்ரேம் ஓடும் இடத்தில் போகும் தூரத்தில் பாதிதான் 30 ஃப்ரேம் ஓடும் இடத்தில் போகும். வேகத்தை டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃப்ரேமிலிருந்து கழிந்த நேரத்தால், பெருக்கினால் நொடிக் கணக்காகிவிடும். இதைப் படித்துவிட்டு மவுஸ் அசைவையும் டெல்டா டைமால் பெருக்கிவிடாதீர்கள். மவுஸ் தருவதே அந்த ஒரு ஃப்ரேமில் நகர்ந்த அளவுதான், பெருக்கினால் கேமரா திணறும். சாய்வாக நடக்கும்போது ஆள் 1.41 மடங்கு வேகமாகப் போவதும் இதே குடும்பத்துத் தவறு, திசை வெக்டரை நார்மலைஸ் செய்து அதன் நீளத்தை 1 ஆக்க வேண்டும்.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. எதிரிக்கு 100 உயிர்ப்புள்ளி, உங்கள் அடி 12 என்றால் 9 அடியில் சாவான். 13 ஆக்கினால் 8 அடி. 14 ஆக்கினாலும் 8 அடிதான், ஆடுபவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. 15 ஆக்கினால் 7. ஆகவே அடியின் வலிமையை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பதைவிட, எத்தனை அடியில் சாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்கிடுவது நல்லது. வாய்ப்பு விகிதத்திலும் உள்ளுணர்வு ஏமாற்றும். ஒரு பொருள் கிடைக்க 10 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், பத்து எதிரிகளைக் கொன்றும் அது கிடைக்காமல் போகிறவர்கள் ஏறக்குறைய 35 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு உங்கள் கேம் அநியாயமாகப் படும். ஒவ்வொரு தோல்விக்கும் வாய்ப்பைச் சிறிது கூட்டுவது பலரும் கையாளும் தீர்வு.

கோட் எழுதாமலே டிசைன் பழக நம்மிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது, ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. இரு தரப்புக்கும் பலமும் வேறு, இலக்கும் வேறு. புலி தாண்டி வெட்டும், ஆடு வளைத்து அடைக்கும். சாக்பீஸால் தரையில் வரைந்து, ஆட்டை 15இலிருந்து 12 ஆக்கிப் பத்து ஆட்டம் ஆடுங்கள், வென்றவரைக் குறித்துவையுங்கள். பிறகு 15க்குத் திரும்பிவந்து, எல்லா ஆட்டையும் இறக்கும்வரை புலி வெட்டக்கூடாது என்று ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. பத்து ஆட்டத்தில் ஆறுக்கு நான்கு என்று வந்தால் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது, அது தற்செயலாகவே வரலாம். ஒன்பதுக்கு ஒன்று என்று வந்தால் ஏதோ சாய்ந்திருக்கிறது என்று நம்பலாம். இரண்டு பேரும் மாறி மாறிப் புலியாக ஆட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஆட்களின் திறமையை.

இனி நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். நீங்கள் செய்ததை அடுத்தவர் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். ‘அங்க போகக்கூடாது, இந்தப் பக்கம் வா’ என்று சொல்லத் துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண், வீட்டில் தனியாக ஆடுபவரின் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. எங்கே நின்றார், எத்தனை முறை எங்கே செத்தார், எந்த எழுத்தைப் படிக்காமலே தாண்டினார் என்று நேரத்தோடு எழுதுங்கள். ஐந்து பேர் போதும், பெரிய குறைகள் அதற்குள் வெளியே வந்துவிடும். முடிந்ததும் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். நண்பர்கள் ‘சூப்பர் மச்சி’ என்றுதான் சொல்வார்கள், அதில் தகவல் எதுவும் இல்லை. ‘அந்தக் கதவுகிட்ட என்ன பண்ணலாம்னு நினைச்சே?’ என்று கேளுங்கள். அவர் நினைத்ததற்கும் நீங்கள் நினைக்கவைக்க விரும்பியதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் அடுத்த வார வேலை. எதிரி ரொம்ப வலுவாக இருக்கிறான் என்று ஒருவர் சொன்னால், அங்கே ஏதோ உறுத்துகிறது என்பதை அப்படியே நம்புங்கள். எதிரியைப் பலவீனமாக்கு என்ற தீர்வை மட்டும் உடனே ஏற்காதீர்கள். எதிரி அடிக்கப்போகிறான் என்று முன்கூட்டியே காட்டும் கையோங்கல் 0.2 நொடியில் முடிந்துவிடுவதுகூடக் காரணமாக இருக்கலாம். அதை 0.5 ஆக்கினால் வலிமையைத் தொடாமலே புகார் நின்றுபோகும்.

நீங்கள் கனவு காண்பதாக எழுதியிருக்கும் ஓப்பன் வேர்ல்டு மல்டிபிளேயர் கேமை இப்போதைக்கு எடுக்காதீர்கள். மனம் தளரவைக்கச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு 2டி எதிரிக்கு நிற்பது, நடப்பது, அடிப்பது, அடிபடுவது, சாவது என்று ஐந்து அனிமேஷன். ஒவ்வொன்றுக்கும் 8 படம் என்றால் 40 படம். பத்து வகை எதிரிக்கு 400. மல்டிபிளேயரில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடிதான் இருக்க, தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பவே 80, 100 மில்லிநொடி ஆகலாம். அந்த இடைவெளியில் எதிராளி எங்கே இருப்பார் என்று ஊகித்து, ஊகம் தப்பினால் திருத்துவதற்கான கோட் எழுதுவது தனிப் படிப்பு. அது தவிர மெனு, ஆட்டத்தை இடையில் நிறுத்திவைப்பது, மறுபடி தொடங்குவது, சத்தத்தைக் குறைப்பது, சேமிப்பது எல்லாம் சேர்ந்தால் ஆட்டத்தைச் செய்த அளவு நேரத்தை அவையே தின்னும். செமஸ்டர் புராஜெக்டுகள் கடைசி இரண்டு வாரத்தில் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் பாங் இரண்டு வாரம், ஒரே திரைக்குள் முடியும் குதிக்கும் கேம் ஆறு வாரம் என்று வையுங்கள். ஜனவரி கடைசியில் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் கலந்துகொள்ளுங்கள். 2009 முதல் நடக்கிறது, வழக்கமாக 48 மணி நேரம். தேவையில்லாததை வெட்டி எறியும் பழக்கம் அந்த அவசரத்தில் சீக்கிரம் வரும்.

இன்ஜின் கேள்விக்கு வருகிறேன். யூனிட்டியிலேயே இருங்கள், ஏழு மாத சி ஷார்ப் நிரல்மொழிப் பழக்கத்தை வீணாக்க வேண்டாம். லேப்டாப் திணறினால் கோடோ என்ற இன்ஜின் நல்ல மாற்று, இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். அன்ரியல் இன்ஜினுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் போகாதீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அந்த ஓராண்டில் இன்ஜின் மாறியவர்களின் கூடவே போனது மேலே சொன்ன கணக்குகளும் கவனிக்கும் பழக்கமும்தான். கேமில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் மட்டும் இன்ஜின் முக்கியமாகிறது. ‘கொ’ என்பது உள்ளே க, அதன் பிறகு ஒகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இரு பக்கமும் உட்கார வேண்டும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் கருவியான டெக்ஸ்ட் மெஷ் புரோ, சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடுவதால் கொம்பும் காலும் இடம் மாறிக் குதறிவிடும். கோடோ 4 ஹார்ஃபபஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் தமிழ் சரியாக வரும். தமிழில் கதை சொல்லும் கேம் உங்கள் ஆசை என்றால் இதை முதல் நாளே சோதித்துவிடுங்கள், ஆறாம் மாதம் தெரியவந்தால் வலிக்கும்.

புராஜெக்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். யூனிட்டியில் லைப்ரரி ஃபோல்டரை விலக்கிவிடுங்கள், அது பல நூறு எம்பி இருக்கும், இன்ஜினே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபைலுக்கும் யூனிட்டி உருவாக்கும் மெட்டா ஃபைல்களை விலக்கவே கூடாது, விலக்கினால் நண்பரின் கணினியில் திறக்கும்போது படங்களும் ஸ்கிரிப்டுகளும் இணைப்பு அறுந்து கிடக்கும். கிட் புராஜெக்டுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சீனை (கேமின் காட்சி ஃபைல்) திருத்தாதீர்கள்.

கோர்ஸ் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. அந்த நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது நியாயமாகாது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். முந்தைய மாணவர்கள் முடித்த கேம்களை டவுன்லோடு செய்து ஆட முடியுமா? வீடியோ காட்டினால் போதாது. கற்பிப்பவர்கள் வெளியிட்ட கேம் எது? ஓவியரும் புரோகிராமரும் ஒரே குழுவில் மாதக்கணக்கில் வேலை செய்ய இடம் உண்டா? வெளியாட்களைக் கொண்டு சோதிப்பது பாடத்தில் இருக்கிறதா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால், தனியாகப் படிக்கும்போது கிடைக்காத ஒன்றை, அதாவது கூட வேலை செய்யும் ஆட்களை, அந்தப் பணம் வாங்கித்தரும். பதில் மழுப்பலாக இருந்தால் மென்பொருள் பயிற்சிக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள், அது இப்போதே இலவசமாகக் கிடைக்கிறது. முதுகலை வரை போக எண்ணமிருந்தால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கென்றே எம்.டெஸ் படிப்பு இருப்பதையும் பாருங்கள். புரோகிராமராக வர விரும்பினால் உங்கள் டிகிரிப் பாடங்களை அலட்சியப்படுத்தாதீர்கள். எதிரியின் பார்வைக்குள் ஆள் இருக்கிறானா என்று பார்ப்பது நார்மலைஸ் செய்த இரண்டு திசை வெக்டர்களின் டாட் புராடக்ட்தான்: நேர்ப்பார்வையின் இரு பக்கமும் 30 டிகிரி என்றால் அந்த மதிப்பு 0.866க்கு மேல் இருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்று விளம்பரம் செய்பவரிடம் கவனமாக இருங்கள். பாதி முடிந்த பெரிய கேமைவிட, பிரவுசரிலேயே உடனே ஆடிப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று சின்னக் கேம்கள் உங்களைப் பற்றித் தெளிவாகப் பேசும். இட்ச் என்ற கேம் தளத்தில் வெளியிடக் கட்டணம் இல்லை. கூகுள் பிளேயில் ஒரு முறை 25 டாலர், ஆனால் புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, நண்பர்களை முன்பே சேர்த்து வையுங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். முதல் கேமுக்கு இட்ச் போதும்.

எனக்கு இது வருமா என்பதற்கு ஏழு மாத வீடியோவை வைத்துப் பதில் சொல்ல வழியில்லை, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பாங்கைச் செய்து ஐந்து பேரை ஆடவைத்த பிறகு அந்தக் கேள்விக்கு ஏதோ ஓர் ஆதாரம் கையில் இருக்கும். அப்போது இங்கேயே வந்து போடுங்கள். பிரவுசரில் ஆடும் லிங்க், பந்தின் தொடக்க வேகம், ஒவ்வொரு அடிக்கும் கூடும் வேகம், மட்டையின் நீளம், ஐந்து பேரும் எங்கே அலுத்துப்போனார்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் சேர்த்துப் போட்டால் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.